ரிட்டன் லோடு இல்லாத ஊர்கள்

மேயோ, யூகான்
ஜூலை மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

"யூகான் வரைக்கும் போறீங்க, பனிமலை போட்டோ அனுப்பு, கரடி போட்டோ அனுப்பு" என்று கேட்டிருந்தாய். இவர் போனில் எடுத்த படங்களை இன்றைக்குத்தான் உட்கார்ந்து புரட்டினேன். ஒரு தையல் மெஷின், இன்னொரு தையல் மெஷின், பெடல் இல்லாத தையல் மெஷின், பல் வைத்தியர் நாற்காலி, துருப்பிடித்த புல்டோசர், எப்போதோ செத்துப்போன ஒரு தபால்காரரின் தொப்பி. கரடி இருக்கிறது, வயிற்றில் பஞ்சு அடைத்தது, கண்ணுக்குக் கண்ணாடிக் குண்டு. பனிமலையும் ஒன்று அகப்பட்டது. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பலகைக்குப் பின்னால், ஜன்னல் வழியாக, பாதி மட்டும். எதை அனுப்ப, சொல்லு.

உன் தங்கை மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு வியாதி இருப்பது ஜாதகத்தில் தெரியவில்லை. சாலையோரம் மியூசியம் என்று ஒரு பலகை கண்ணில் பட்டால் போதும், கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். வெறும் காரில் போகிறவர் அப்படிச் செய்யலாம். இவர் பின்னால் இருபத்திரண்டு அடி நீளத்துக்கு ஒரு வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார். நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் திருப்ப முடியாது. திருப்பினால் பக்கத்தில் நிற்கிறவன் வண்டிக்குக் கண்ணாடி மிஞ்சாது.

எட்மண்டனில் வருஷத்தில் பாதி பனி. மீதிப் பாதியில் ஊரே வீட்டைப் பூட்டிவிட்டு, இன்னொரு வீட்டை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். இவர் ஆபீசில் ஒருவர் தன் பழைய டிரெய்லரை மலிவாகத் தள்ளிவிட்டார். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. இவர் அம்மா, என் அத்தை, முதல் தடவை ஏறிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, அடுப்படிக்கும் கக்கூசுக்கும் நடுவுல இந்த ஒத்தப் பலகைதானா?" என்று கேட்டார். அந்தக் கக்கூசுக்கு அடியில் ஒரு தொட்டி. நிரம்பினால், அதற்கென்று இருக்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, தடித்த குழாயை மாட்டித் திறந்துவிட வேண்டும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு இவர் அதைச் செய்யும்போது அத்தை வெளியே வரமாட்டார். "எம்.டெக். படிச்ச கை" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

அத்தை எங்களைப் பார்க்க வந்திருப்பது உனக்குத் தெரியும். மாமா இருந்த காலத்தில் பாளையங்கோட்டையில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்ததும், மாமா போன பிறகு அத்தையே பேரேட்டை எடுத்து உட்கார்ந்து நடத்தியதும் தெரியும். ஆனால் அவரோடு ஒரு மியூசியத்துக்குள் நுழைந்து பார்த்தால்தான் அந்த ஆபீஸ் இன்னும் மூடவில்லை என்பது தெரியும். எந்தச் சாமானைப் பார்த்தாலும் முதலில் எடை, அடுத்தது எங்கேயிருந்து வந்தது, மூன்றாவது வாடகை. தாஜ்மகாலைக் காட்டியபோதே "இத்தனை கல்லையும் யாரு ஏத்தினது?" என்று கேட்டவர். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்த வடக்குத் தேசத்தை அவர் பார்த்ததுதான் இந்தக் கடிதம். நான் வெறும் குமாஸ்தா.

அலாஸ்கா நெடுஞ்சாலை டாசன் கிரீக் என்கிற ஊரில் தொடங்குகிறது. மைல் பூஜ்யம் என்று நடுத்தெருவில் ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். எல்லாரும் அதைக் கட்டிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம், அது அதோடு சரி. பழைய ரயில் நிலையத்தில்தான் மியூசியம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள் வழிகாட்டினார். சம்பளம் கிடையாது, தொண்டு. இங்கே எல்லாச் சின்ன ஊர் மியூசியத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். வருகிறவர்கள் குறைவு, அதனால் நம்மைக் கண்டதும் கதவைச் சாத்திவிட்டுத்தான் கதை சொல்லத் தொடங்குவார்.

"சாலையை ஏன் இந்த ஊரில் ஆரம்பித்தார்கள்?" என்று இவர் கேட்டார். அந்த அம்மாள் வாயைத் திறப்பதற்குள், "ரயில் முடியுத இடத்துலதான லாரி ஆரம்பிக்கும்" என்றார் அத்தை. அதேதான் பதிலும். 1931இல் ரயில் இந்த ஊர் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்டதும், அலாஸ்காவுக்குத் தரைவழியாக ஒரு பாதை வேண்டும் என்று அமெரிக்காவுக்கு அவசரம் பிடித்தது. 1942 மார்ச்சில் பட்டாளம் இங்கே வந்து இறங்கியது. அக்டோபர் கடைசிக்குள் இரண்டு முனையும் சேர்ந்துவிட்டன. காடும் சேறும் ஆறுமாகச் சுமார் 2,700 கிலோமீட்டர், எட்டு மாதத்தில். நம் ஊரில் ஒரு ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் கட்ட எத்தனை வருஷம் ஆகிறது என்று அந்த அம்மாளிடம் நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் கொஞ்சம் மானத்தோடு இருக்க வேண்டும்.

1943 பிப்ரவரியில் அந்த ஊர் நடுவில் ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தது டைனமைட். கடைத்தெருவில் ஒரு பெரிய பகுதியே போய்விட்டது. கருகிய கட்டடங்களின் படங்களை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். நாங்கள் எல்லாரும் "அடடா" என்று நிற்க, அத்தை மட்டும் கேட்டார்: "புக்கிங்ல என்ன சரக்குன்னு எழுதியிருப்பான்?"

அங்கிருந்து வடக்கே போகப்போக ஊர்களுக்கு நடுவில் இருக்கிற தூரம் வளர்ந்துகொண்டே போகிறது, ஊர்கள் சுருங்கிக்கொண்டே போகின்றன. ஆனால் மியூசியம் இல்லாத ஊர் இல்லை. பெட்ரோல் பங்க் மூடியிருக்கும், மியூசியம் திறந்திருக்கும். எல்லாவற்றிலும் ஒரே சாமான்கள்: வெண்ணெய் கடைகிற மரப்பீப்பாய், பல் பிடுங்குகிற குறடு, டைப்ரைட்டர், பனிச்சறுக்குக் கட்டை, சுவரில் ஒரு மூஸ் தலை. மூஸ் என்பது மான் குடும்பம்தான், ஆனால் குதிரையை விட உயரம். தலை மட்டுமே ஒரு ஆள் எடை. அறுபது எழுபது வருஷம்கூட ஆகாத வெண்ணெய்ப் பீப்பாயைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டியிருப்பதைப் பார்த்து முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. நாம் ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டில் வேட்டி காயப்போடுகிறவர்கள் அல்லவா.

ஃபோர்ட் நெல்சன் மியூசியம் வேறு ரகம். அங்கே வெண்ணெய்ப் பீப்பாய் கொஞ்சம், வண்டிகள்தான் நிறைய. உள்ளே பழைய கார்கள், வெளியே லாரி, டிராக்டர், ஜெனரேட்டர், இன்னது என்று பெயர் சொல்ல முடியாத இரும்புகள். மார்ல் பிரவுன் என்கிற மெக்கானிக் ராணுவ வேலையாக இந்த ஊருக்கு வந்தவர். சாலையோரம் விட்டுப்போன வண்டிகளைக் கண்டால் அவருக்கு மனசு கேட்காது. பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தார். மியூசியத்துக்குப் பணம் திரட்ட, நெஞ்சு வரை வளர்ந்த தன் தாடியை மழித்தார் என்று அங்கே சொல்கிறார்கள். தாடிக்கு வந்த காசில் கட்டடம். திருப்பதியில் இதை முறையாகச் செய்தால் எங்கேயோ போய்விடலாம் என்று இவர் ஒரு கணக்கு ஆரம்பித்தார், அத்தை முறைத்ததும் நிறுத்திவிட்டார்.

அந்த இரும்புகளுக்கு நடுவில்தான் அத்தையின் தத்துவம் பிறந்தது. ஒரு ராணுவ லாரியின் டயரைத் தட்டிப் பார்த்தார். "இது எதுக்கு இங்க நிக்கி? நல்லாத்தான இருந்திருக்கும்?" என்றார். வேலை முடிந்ததும் பட்டாளம் நிறையச் சாமான்களை அப்படியே விட்டுப்போய்விட்டது என்று அங்கிருந்த பெரியவர் சொன்னார். அத்தை தலையை ஆட்டினார். "திருப்பி ஏத்துத வாடகை சாமான் விலையை விட ஜாஸ்தி. போட்டுட்டுப் போயிருக்கான். எய்யா, இது மியூசியம் இல்ல. வாடகை கட்டுபடியாகாத சரக்கு."

சொல்லிவிட்டு வெளியே போய் வெயிலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அதற்கு அப்புறம் எந்த மியூசியத்தையும் வேறு மாதிரிப் பார்க்க முடியவில்லை.

ஒன்றை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. இந்தச் சாலையைப் போட வந்த பட்டாளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கறுப்பினச் சிப்பாய்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பலர், பனியைக் கண்ணால் பார்க்காதவர்கள். அவர்களைத் தனிப் படைப்பிரிவாகவே வைத்திருந்தார்கள். சிக்கானி சீஃப் என்கிற ஆற்றின்மேல் அவர்களில் 95ஆம் பிரிவு, பெரும்பாலும் கைக்கருவிகளை வைத்துக்கொண்டு, 72 மணி நேரத்தில் மரப்பாலம் கட்டியது. பல ஆண்டுகள் வரை சாலைக் கதையில் இவர்கள் பெயரே அதிகம் வராமல் இருந்தது. இப்போது பலகைகளில் வருகிறது. எங்கள் சின்னவன் பள்ளிக்கூட வேலைக்காக எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். இந்தப் பயணத்தில் அவன் போனைக் கீழே வைத்தது அந்தப் பலகைகளுக்கு முன்னால்தான்.

வாட்சன் லேக்கில் ஒரு காடு இருக்கிறது, மரத்துக்குப் பதில் ஊர்ப் பெயர்ப் பலகைகள். 1942இல் கார்ல் லிண்ட்லி என்கிற சிப்பாய் அடிபட்டுக் கிடந்தபோது, வழிகாட்டிக் கம்பத்தைச் சரிசெய்கிற லேசான வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டு ஞாபகத்தில் அவர் இல்லினாய் மாநிலத்தில் தன் ஊரான டான்வில்லுக்கு இத்தனை மைல் என்று ஒரு பலகையைச் சேர்த்து அடித்தார். அதைப் பார்த்து அடுத்தவன், அடுத்தவன் என்று போய், இன்றைக்கு எண்பதாயிரத்துக்கு மேல். வண்டி நம்பர் பிளேட், ஊர் எல்லைப் பலகை, சமையல் தட்டு எல்லாம் அடித்திருக்கிறார்கள். எங்கள் பங்குக்கு, காய்கறி நறுக்குகிற பலகையில் "பாளையங்கோட்டை" என்று இவர் பெயின்டில் எழுதினார். அம்புக்குறி எந்தப் பக்கம் என்பதில் சண்டை வந்துவிட்டது. சின்னவன் போனில் பூமி உருண்டையைத் திருப்பிப் பார்த்து, இங்கேயிருந்து நம் ஊருக்குக் குறுக்கு வழி வடக்கே, துருவத்துப் பக்கமாகப் போகிறது என்றான். அத்தைக்குக் கோபம். "தெக்கத்தி ஊருக்கு வடக்க வழி சொல்லுதான் பாரு!" அம்பு தெற்கே பார்த்துத்தான் அடிக்கப்பட்டது. அதை நம்பி யாராவது கிளம்பினால் வான்கூவர் கடற்கரையில் போய் நிற்பார்கள்.

டெஸ்லின் என்கிற ஊரைப் பற்றி உனக்குக் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும். ஏரிக்கரையில் சின்ன ஊர். டிலிங்கிட் என்கிற பூர்வகுடி மக்கள். அங்கே உள்ள மியூசியம் அந்த இனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஜான்ஸ்டன் என்பவர் பெயரில் இருக்கிறது. கண்ணி வைத்து மிருகம் பிடித்துத் தோல் விற்பது அவர் தொழில். ஒரு வருஷம் தோலுக்கு நல்ல விலை கிடைத்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் வீடு கட்டியிருப்பார்கள். இவர் 1928ஆம் வருஷத்து ஷெவர்லே கார் வாங்கி, நீராவிப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். ஊரில் சாலை கிடையாது. வெளியூருக்கும் கிடையாது. அலாஸ்கா நெடுஞ்சாலை வருவதற்கு இன்னும் பல வருஷம் இருந்தது.

அத்தை அந்தக் காருக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "ரோடு இல்லாத ஊருக்குக் காரா? இவர் வீட்டம்மா ஒண்ணும் சொல்லலியா?" என்றார். ஜான்ஸ்டன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு காட்டை வெட்டி ஐந்து கிலோமீட்டர் அளவுக்குச் சாலை போட்டுவிட்டார். காருக்காகச் சாலை! குளிர்காலம் வந்தால் ஏரி முழுக்க உறைந்து கல்லாகிவிடும். நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஏரி. அதன்மேல் காரை விட்டுக்கொண்டு வேட்டைக்குப் போவாராம். பனியில் மிருகங்களுக்குத் தெரியக்கூடாது என்று காருக்கு வெள்ளை பெயின்ட் அடித்தார். காசு வாங்கிக்கொண்டு ஊர்க்காரர்களை ஏற்றி டாக்சியும் ஓட்டினார். அத்தைக்கு அங்கேதான் மனம் ஆறியது. "ஆமா, வாங்கின வண்டியைச் சும்மா நிறுத்துனா டியூ யாரு கட்டுவா?" பின்னால் ராணுவம் சாலை போட்டுக்கொண்டு வந்தபோது, அவர் வெட்டிய துண்டும் அந்த நெடுஞ்சாலையில் ஒரு பகுதியாகச் சேர்ந்துகொண்டது.

அவர் கேமராவும் வைத்திருந்தார். தன் மக்களைத் தானே எடுத்த படங்கள் சுவர் முழுக்க இருக்கின்றன. மற்ற ஊர் மியூசியங்களில் பூர்வகுடி மக்கள் ஒரு மூலையில், மொக்காசின் செருப்பும் மணி கோத்த பையுமாக, பெயர் இல்லாமல் இருப்பார்கள். இங்கே ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் வந்து காட்டிச் சொல்கிறார்கள். அந்தச் சாலை 1942இல் ஊருக்குள் வந்தபோது லாரியோடு தட்டம்மை, கக்குவான், மஞ்சள் காமாலை என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கியதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். சாலைக்குப் பத்துப் பக்கம் எழுதுகிற புத்தகங்கள் இதற்கு ஒரு வரி ஒதுக்கினால் அதிகம்.

வைட்ஹார்ஸ் யூகானின் தலைநகரம். கடைகள், காபி, துணி துவைக்கிற இடம். நான் அங்கே சந்தோஷமாக இருந்தேன், அதனால் எழுத ஒன்றும் இல்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முழு டிசி-3 விமானத்தைக் கம்பத்தில் குத்தி வைத்திருக்கிறார்கள். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொள்ளும். இன்னொரு மியூசியத்தில் சாம் மெக்கீ என்பவரின் மரவீடு. ராபர்ட் சர்வீஸ் என்கிற வங்கிக் குமாஸ்தா, தன் வங்கிக்கு வந்துபோன இவருடைய பெயரை எடுத்து, குளிரில் செத்தவனை எரிக்கிற ஒரு பாட்டில் போட்டுவிட்டார். பாட்டு உலகப் பிரசித்தம் ஆகிவிட்டது. பல வருஷம் கழித்து உயிரோடு திரும்பி வந்த சாம் மெக்கீயிடமே, சாம் மெக்கீயின் அசல் சாம்பல் என்று ஒருவன் விற்கப் பார்த்தான் என்பது உள்ளூர்க் கதை. "எடை போட்டு வித்தானா, பொட்டலமா?" என்று அத்தை கேட்டார்.

அங்கே ஆற்றங்கரையில் எஸ்.எஸ். கிளாண்டைக் என்று ஒரு நீராவிக் கப்பல், 1937இல் மிதக்கவிட்டது. விறகு எரித்து, பின்னால் ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடும். முந்நூறு டன் சரக்கு ஏற்றும். டாசன் சிட்டிக்கு ஆற்றோட்டத்தோடு போக ஒன்றரை நாள். எதிர்த்துத் திரும்பி வர நாலைந்து நாள். போகும்போது மளிகையும் ஆட்களும், வரும்போது மேயோ பக்கத்துச் சுரங்கங்களின் வெள்ளித் தாது மூட்டைகள். அத்தை முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப இவனுக்கு ரிட்டன் லோடு இருந்திருக்கு!" முதலாளி பெயரைக் கேட்டுப் பாராட்டிவிட்டு வந்திருப்பார். சாலை வந்தது, லாரி வந்தது, கப்பல் 1955இல் நின்றுபோனது. 1966இல் அதை இப்போது இருக்கிற இடத்துக்கு ஊர்த் தெரு வழியாக இழுத்து வந்திருக்கிறார்கள். மூன்று புல்டோசர், மூன்று வாரம், கட்டைகளுக்கு அடியில் வழுக்குவதற்காக எட்டு டன் பால்மோலிவ் சோப்பு. அக்கா, எட்டு டன்! அன்றைக்கு மழை பெய்திருந்தால் ஊரே நுரைத்திருக்கும்.

டாசன் சிட்டி வேறு ஊர், டாசன் கிரீக் வேறு ஊர். கனடாக்காரர்களுக்குப் பெயர் வைக்கச் சோம்பேறித்தனம். 1896இல் இங்கே ஒரு ஓடையில் தங்கம் அகப்பட்டது. சேதி பரவியதும் ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள், முப்பதாயிரம் நாற்பதாயிரம் பேர்தான் வந்து சேர்ந்தார்கள். ஒரு வருஷத்துக்கு வேண்டிய சாமான் இல்லாதவனைக் கணவாயில் போலீஸ் உள்ளே விடவில்லை. மாவு, பன்றி இறைச்சி, பீன்ஸ், சர்க்கரை, கூடாரம், கருவி எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஒரு டன் போல. அதை முதுகில் தூக்கி, மலை உச்சியில் வைத்துவிட்டு, இறங்கி வந்து, மறுபடி தூக்கி, இப்படியே மாதக்கணக்கில். மியூசியத்தில் அந்தப் பட்டியலைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தை கண்ணாடி மாட்டி முழுக்கப் படித்தார். "நம்ம ஊர்ல சுமைகூலிச் சங்கம் இருந்திருந்தா ஒருத்தன் தங்கம் எடுத்திருக்க முடியாது."

அந்த ஊரில் என்னை உட்கார வைத்த கதை தங்கத்தைப் பற்றியது இல்லை. சினிமா. ஊமைப்படக் காலத்தில் படப்பெட்டி ஊர் ஊராகப் போய்க் கடைசியில் டாசனுக்கு வரும், இரண்டு மூன்று வருஷம் தாமதமாக. அதற்கு அப்பால் ஊர் இல்லை. ஓடித் தேய்ந்த படத்தைத் திருப்பி அனுப்பக் கம்பெனிகள் கூலி தர மறுத்துவிட்டன. பெட்டிகள் குவிந்தன. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். கொஞ்சத்தை எரித்தார்கள், கொஞ்சத்தை ஆற்றில் கொட்டினார்கள். 1929இல் ஊர் விளையாட்டு மன்றத்தில் நீச்சல் குளத்தை மூடி, ஐஸ் ஹாக்கித் தரையைச் சமமாக்க மண்ணுக்குப் பதில் ஃபிலிம் பெட்டிகளைப் போட்டு நிரப்பினார்கள். நிலத்துக்கு அடியில் நிரந்தரப் பனி, கெடாமல் கிடந்தது. 1978இல் கட்டட வேலைக்குத் தோண்டும்போது ஐநூறுக்கும் மேற்பட்ட ரீல்கள் கிடைத்தன. வேறு எங்கும் பிரதி இல்லாத படங்கள் அதில் ஏராளம். தீப்பிடிக்கிற சரக்கு என்பதால், கடைசியில் ராணுவ விமானத்தில் ஏற்றி ஒட்டாவாவுக்குக் கொண்டுபோனார்கள். இதைப் பற்றி பில் மோரிசன் 2016இல் ஒரு ஆவணப்படம் எடுத்திருக்கிறார், கிடைத்தால் பார்.

அத்தை விரலை மடக்கினார். "அம்பது வருஷ டெமரேஜ். அதுவும் கவர்மென்ட்டுத் தலையில."

மறுநாள் ஆற்றங்கரையில் ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்களின் பண்பாட்டு மையத்துக்குப் போனோம். தங்கத்துக்கு ஆள் வந்து குவிந்தபோது, இவர்கள் மீன் பிடித்து வாழ்ந்த இடம்தான் போனது. தலைவர் ஐசக் தன் மக்களை ஆற்றில் கீழே ஐந்து கிலோமீட்டர் தள்ளி மூஸ்ஹைட் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். இந்தக் கூட்டத்தில் தங்கள் பாட்டும் ஆட்டமும் அழிந்துபோகும் என்று பார்த்து, அவற்றை அலாஸ்காவில் இருந்த உறவினர்களிடம் ஒப்படைத்தார், பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி. அவர்கள் வைத்திருந்தார்கள். பேரன் பேத்தி காலத்தில் இங்கேயிருந்து போய்க் கற்றுக்கொண்டு திரும்பக் கொண்டுவந்தார்கள். சொல்லிக்கொண்டிருந்த பெண் பிள்ளைக்கு இருபது வயது இருக்கும். அவளும் அந்தப் பாட்டுகள் பாடுகிறவள்தான். அத்தைக்கு நான் மெல்ல மொழிபெயர்த்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சொந்தக்காரன் வீட்டுல போட்ட சரக்குக்குக் குடோன் வாடகை கிடையாது. ஆனா ஒரு நாளும் திரும்பி வராது. நம்ம ஆட்கள்ட்ட குடுத்த பாத்திரம் வந்திருக்கா? இது வந்திருக்கே!" என்றார். அந்தப் பெண்ணின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தார். அவள் அதை ஏதோ தமிழர் வணக்கம் என்று எடுத்துக்கொண்டு, தானும் அத்தையின் கன்னத்தை வழித்தாள்.

(அங்கே ஒரு ஓட்டலில் பதப்படுத்திய மனிதக் கால்விரல் ஒன்றைச் சாராயத்தில் போட்டுத் தருகிறார்கள். உதட்டில் விரல் பட்டால் சான்றிதழ். இவர் போனாரா என்று கேட்காதே.)

திரும்பும் வழியில் கீனோ சிட்டி. சிட்டி என்று பெயர், ஆள் இருபது பேர். ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்கம் கொழித்த மலை. பெரிய கம்பெனி 1989இல் மூடிவிட்டுப் போனது. பழைய நடன மண்டபத்தில் சுரங்க மியூசியம். இவருக்குச் சொர்க்கம். குழி விளக்குகள், துளைக் கருவிகள், தொழிலாளர் சம்பளச் சீட்டு என்று நகரவே இல்லை. ஆளுக்கு ஒரு மியூசியம் என்று கணக்குப் போட்டால் உலகத்திலேயே முன்னணி ஊர் கீனோதான் என்றார். வெளியே வந்து மேயோ நோக்கிச் சரளைக்கல் சாலையில் இறங்கும்போது டிரெய்லரின் ஆக்ஸில் முறிந்தது. பெரிய சத்தம், பின்னால் ஒரு பக்கம் சாய்வு, உள்ளே பாத்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசின.

வைட்ஹார்ஸிலிருந்து ஆள் வந்து இழுத்துப்போக என்ன ஆகும் என்று போன் செய்தோம். சொன்ன தொகை நாங்கள் அந்த டிரெய்லருக்குக் கொடுத்த விலைக்கு மேலே. இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா ஏற்கெனவே இட்லிச் சட்டியையும் பூஜைப் பெட்டியையும் இறக்கிக்கொண்டிருந்தார். "என்ன எய்யா யோசிக்க? வாடகை கட்டுபடியாகாது. விட்டுட்டு வா."

இப்போது மேயோவில் ஒரு விடுதியில் இருக்கிறோம். குளிர்காலத்தில் மைனஸ் 62 வரைக்கும் இறங்கி, கோடையில் 36 வரைக்கும் ஏறின ஊர் இது. இங்கேயும் ஒரு மியூசியம் இருக்கிறது, பழைய வீடு ஒன்றில். இவர் காலையிலேயே போய்விட்டார். டிரெய்லரை உள்ளூர்க்காரர் ஒருவர் தன் வேட்டை முகாமுக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். அவரே டிராக்டரில் கட்டி இழுத்துப்போனார், எங்களுக்குச் செலவு மிச்சம். போவதற்கு முன்னால் இவர் ஒரு அட்டையில் தயாரித்த வருஷம், நீளம், எட்மண்டன் தமிழ்க் குடும்பம் பயன்படுத்தியது என்று எல்லாம் எழுதிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் ஒட்டினாரா என்று நான் விசாரித்துக்கொண்டேன்.

சாயங்காலம் அந்த மனிதரின் மனைவி வந்து ஒரு பை நிறைய உலர்த்திய மூஸ் இறைச்சி கொடுத்துவிட்டுப் போனாள். அத்தை ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, நிதானமாக மென்று, "உப்புக்கண்டம்தான். உப்பு பத்தல" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு பையைத் தூக்கிப் பார்த்தார். மூணு கிலோ தேறும், ரிட்டன் லோடு என்று ரொம்பத் திருப்தி. உனக்கும் அத்தானுக்கும் அதில் ஒரு கிலோ அனுப்ப வேண்டும் என்று ஆசை. பார்சல் கட்டணம் விசாரித்தோம். கறியை அனுப்ப விடமாட்டார்களாம்; விட்டாலும், அந்தக் காசுக்கு நீ பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு முழு ஆடே வாங்கிவிடலாம். ஆகையால் அது இங்கேயே இருக்கும். அத்தானை லீவு போடச் சொல்லி, வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

உன் அன்புத் தங்கை,
செல்வி